துண்டுக்குள் வந்த விலை

சந்தையில் என்னை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயரை ஏட்டையா இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதிக்கொண்டார். வயது இருபது. கல்லூரியைப் பாதியில் விட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, வேறு காரணம் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடை மாடியில், அக்கா வீட்டில் இருக்கிறேன். வாரச் சந்தையில் ஆடு மாடு விலையைப் பட்டி பட்டியாகக் கேட்டு வந்து மைக்கில் சொல்வது என் வேலை. அதைக் கேட்டுத்தான் ஆடு கொண்டுவந்தவர்கள் விற்பதா, திருப்பி ஓட்டிப் போவதா என்று முடிவு செய்வார்கள்.

அக்கா புருஷன், அதாவது என் மாமா, ஆட்டு வியாபாரி. பெரிய தரகரோடு சேர்ந்து வாங்கும் ஐந்து பேரில் ஒருவர். நான் மைக்கில் சொன்ன விலையை அவர்தான் எனக்குச் சொன்னார் என்று மற்ற நால்வரும் சேர்ந்து அவரை அடித்திருக்கிறார்கள். அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

சந்தையில் வியாபாரிகள் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரலுக்கு ஆயிரம். புறங்கையில் தட்டினால் அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது என்று அர்த்தம்.

கடந்த சந்தையன்று காலையில் தரகர் செம்மறிப் பட்டியின் கம்பியில் சாய்ந்து, வண்டியிலிருந்து ஆடுகள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு, கையைத் துண்டுக்குள் நீட்டி நின்றார். அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு நான் விலை கேட்கப் பக்கத்தில் போனேன். வாயைத் திறப்பதற்குள், தன் ஆள் என்று நினைத்து என் கையை உள்ளே இழுத்து, நாலு விரலைப் பிடித்து, புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "போ போ, கூட்டமா நிக்காதீங்கடா" என்றார். அதற்கு முந்தின வாரம் அதே மாதிரி ஆடு ஆறாயிரத்துக்குப் போனது.

யோசித்திருந்தால் மாமாவிடம் கேட்டிருப்பேன். யோசிக்கிற ஆள் நான் இல்லை. நேராக மைக்குக்குப் போய், "ஆடு கொண்டாந்தவங்க கேட்டுக்கங்க, இன்னைக்கு அஞ்சு பேரும் நாலாயிரத்துக்கு மேல கேக்க மாட்டாங்க, பேசி வச்சுட்டாங்க. வெளியூர் லாரி வர்ற வரைக்கும் கயித்த விடாதீங்க" என்றேன். முதலில் ஒரு அம்மா தன் ஆட்டைப் பட்டியிலிருந்து வெளியே இழுத்தார். அதைப் பார்த்து வரிசையே திரும்பியது. அதன் பிறகு வந்த லாரிக்காரர் ஆறாயிரம் கொடுத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்.

மாமாவை அடித்தது தண்ணீர்த் தொட்டிப் பக்கம். நான் பார்க்கவில்லை. போனபோது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை. மாமாவும் உத்தமர் கிடையாது, அவரும் அந்தத் துண்டுக்குள் கை கொடுத்தவர்தான். வீட்டில் அக்கா மருந்து போட்டுக்கொண்டே, "ஒருத்தனுக்கு வாய் சும்மா இருக்காது, ஒருத்தனுக்குக் கை சும்மா இருக்காது. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்க பாரு" என்றாள். மாமா, "இனிமே எவன் எனக்குத் துண்டு விரிப்பான்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பட்டிக்குள்ள போவேன்?" என்றார். இரண்டு நாளாகச் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகிறார்.

இன்று மாமாவையும் தரகரையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். விலை அவர் கையிலிருந்தே எனக்கு வந்தது என்று நான் சொன்னது பொய் என்றார் தரகர். "இத்தனை வருசமா இந்தக் கைதான் சார் பேசுது. ஆள் மாறுனா தெரியாதா?"

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அவரை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, அவர் துண்டுக்குள்ளேயே எங்களைக் கை கொடுக்கச் சொன்னார். முதலில் நான் கொடுத்தேன். "இது போலீஸ் கை" என்றார். அடுத்து ஏட்டையா பேனாவை வைத்துவிட்டுக் கொடுத்தார். "இதுதான் சார் அந்தப் பயலோட மாமன். எங்க தொட்டாலும் சொல்லிருவேன்."

"யோவ், எங்க வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா என்னை உள்ள விடமாட்டாய்யா" என்றார் ஏட்டையா. இதை எழுத வேண்டாம் என்றார், நான்தான் எழுதச் சொன்னேன்.

தரகர் திரும்பி, கை கொடுத்தது ஏட்டையா என்று பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "சரி விடு மாப்ள, பயலுக அவசரப்பட்டுட்டானுங்க. வர்ற வாரம் நீயே முதல்ல வா. விலைய இப்பவே பேசிக்குவோம்" என்று, ஸ்டேஷன் என்றும் பாராமல், துண்டைக் கைமேல் போட்டு நீட்டினார்.

மாமாவின் கை பாதி தூரம் போனது. நான் பார்த்தேன். அப்புறம் அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வாயால சொல்லுங்கண்ணே. இவங்க முன்னாடியே சொல்லுங்க" என்றார் மாமா.

தரகர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஏட்டையா எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. பொய் ஏதும் சேர்க்கவில்லை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. அன்று மைக்கில் சொன்னதையும் நான் திரும்பப் பெறவில்லை.

(ஒப்பம்)