அரை மணிக்கு ஓர் அத்தியாயம்

வணக்கம் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். கொலைகாரன் பிடிபட்ட பக்கம் வந்ததும் நாம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோமே, ஏன்? செத்தவர் செத்தவர்தானே? அவர் எழுந்து வந்துவிட்டாரா? இதற்கு விடை எனக்குத் தெரியாது. பேச்சின் முடிவில் சொல்வேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அப்போதும் தெரியாது.

இனி முறைப்படி. இந்த வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, சீக்கிரம் முடிக்கும்படி என்னிடம் சிரித்த முகத்தோடு சொன்ன தலைவர் அவர்களே, தாமதமாகத் திரும்பிய புத்தகத்தையும் பிறந்த வீட்டுக்கு வந்த மகளைப் போல வாங்கி வைக்கிற நூலகர் அவர்களே, முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே, வீட்டு வேலையை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தங்கள் தலையில் கட்டுவதற்கு முன்பே தப்பி வந்துவிட்ட தந்தைமார்களே, பின்வரிசையில் இப்போதும் எதையோ படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையா? கொஞ்சம் கிட்டே வந்து பேசுகிறேன். இப்போது? சரி.

நாற்பத்தெட்டு வயது வரைக்கும் நான் மர்மக் கதை படித்ததில்லை. படிப்பவர்களைப் பார்த்துக் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. போன வருடம் படியில் கால் பிசகி, ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது, என் நாத்தனார் ஒரு பை நிறையப் புத்தகங்களைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாள். "அண்ணி, இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காது. வேற ஒண்ணும் கிடைக்கல" என்றாள்.

பிடிக்காதா? பூட்டிய அறைக்குள் செத்துக் கிடந்தார் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர். சுற்றிலும் நாற்பது கடிகாரம், நாற்பதும் நாற்பது நேரம் காட்டின. எது செத்த நேரம்? எது செய்த நேரம்? இன்னொன்றில், ஒரு சரக்குக் கப்பலில் பத்தொன்பது பேர் ஏறுகிறார்கள். சமையல்காரர் மட்டும் வேளைக்கு இருபது தட்டு வைக்கிறார். யாருக்கு அந்த இருபதாவது தட்டு? எதற்கு அந்த இருபதாவது தட்டு? நான் பக்கத்தைப் புரட்டினேனா, பக்கம் என்னைப் புரட்டியதா என்று தெரியவில்லை. நடுவில், பாலங்கள் ஏன் விழுகின்றன என்று ஒரு பொறியாளர் எழுதிய புத்தகமும் இருந்தது. அதையும் மர்மக் கதையாகவே படித்தேன். குற்றவாளி ஒரு திருகாணி.

கால் சரியானது. பழக்கம் சரியாகவில்லை, இந்த நூலகத்தில் உறுப்பினரானேன். அதன் விளைவைத்தான் சொல்ல வந்தேன்.

நான் குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்துக்குப் பொறுப்பாளர். என்னோடு இரண்டு பேர். ஒருவர் தொழில்நுட்பப் பணியாளர். எதையும் ஓடிக்கொண்டே செய்வதால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். இன்னொருவர் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி அடுக்கும் அக்கா. பத்தொன்பது வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறார். வருடா வருடம் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு வேலை. கணவர் இல்லை. வீட்டில் அவர் ஒருவர் சம்பளம்தான்.

தண்ணீரைச் சோதிப்பதற்கு முன், அந்த அறையின் காற்று சுத்தமா என்று பார்க்க வேண்டும். கிருமி வளர்வதற்கான கூழ் ஊற்றிய ஒரு சின்ன வட்டத் தட்டை அரை மணி நேரம் திறந்து வைப்போம். பிறகு மூடிச் சூட்டுப் பெட்டியில் வைப்போம். மறுநாள் அதில் புள்ளிகள் முளைத்திருந்தால் அறை அசுத்தம், அன்றைய சோதனை அத்தனையும் வீண். எங்கள் தட்டு எப்போதும் வெறும் தட்டாகவே இருக்கும். திடீரென்று, நான் விடுப்பு முடிந்து திரும்பிய மூன்று வாரத்தில், பதினைந்து வேலை நாளில், பன்னிரண்டு நாள் புள்ளி. கொத்துக் கொத்தாகப் புள்ளி. யார் காரணம் என்று எழுதித் தரச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

யார் காரணம்? முப்பது மர்மக் கதை படித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

அலுவலகத்தில் எல்லோரும் அவசரத்தைத்தான் சந்தேகித்தார்கள். அவரே வந்து, "மேடம், நான்தான்னு எழுதிடுங்க. எனக்குப் பழகிப்போச்சு" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். வெளிப்படையாகத் தெரிகிறவர் எந்தக் கதையில் குற்றவாளியாக இருந்திருக்கிறார்? யார் மீது யாருக்குமே சந்தேகம் வராதோ, அவர்தானே? ஒருநாள் தாமதமாக வராதவர் யார்? ஒருவரிடமும் குரல் உயர்த்தாதவர் யார்? மதிய இடைவேளையில் என் அறைக்குள் தனியாகப் போய், துணிப்பையில் எதையோ வைத்துக்கொண்டு வெளியே வந்தவர் யார்? அக்கா.

முன்வரிசையில் தலையை ஆட்டுகிறீர்கள். ஆமாம் ஐயா, தட்டைக் கழுவிய பிறகு கொதிநீராவியில் வேக வைக்கிறோம். கழுவுகிறவர் கையில் என்ன இருந்தாலும் அதில் உயிரோடு மிஞ்சாது. கல்லூரியில் முதல் வருடப் பாடம். எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன். அத்தனை அழகாகப் பொருந்துகிற ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பாடத்தை யார் நினைப்பார்கள்?

கடைசி அத்தியாயத்தில் செய்வதுபோல இருவரையும் அறைக்குக் கூப்பிட்டேன். நின்றுகொண்டு பேசினேன். ஒவ்வொரு தடயமாக எடுத்து வைத்தேன். கடைசியில், "பையில என்ன கொண்டுபோனீங்க அக்கா?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "புத்தகம் மேடம்."

"என்ன புத்தகம்?"

"உங்க மேசையில இருக்கறதுதான். நீங்க முடிச்சு வெச்சத எடுத்துட்டுப் போவேன். ரெண்டு நாள்ல கொண்டாந்து வெச்சிடுவேன். கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு."

"அடப்பாவமே, நான்கூட அந்தக் கதையெல்லாம் அவங்க சொல்லித்தான் கேட்டேன்" என்றார் அவசரம்.

அக்கா நிமிர்ந்தார். "ஒண்ணு சொல்லவா மேடம்? அந்தத் தட்டு மூணு நாள் சுத்தமா இருந்துச்சு. நூலகத்துல கணக்கெடுக்கறாங்கன்னு உங்களுக்குப் புத்தகம் கிடைக்காம போச்சே, அந்த மூணு நாளு. எனக்கும் படிக்க ஒண்ணுமில்ல, அதான் ஞாபகம் இருக்கு."

"அதுக்கும் தட்டுக்கும் என்ன?"

"அரை மணி நேரம் தட்டத் திறந்து வெச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்து நீங்க படிப்பீங்க மேடம். நூறு பேர் கைபட்ட புத்தகம். பக்கத்தப் புரட்டுனாலே தூசி பறக்குது. எனக்குத் தும்மல் வருது."

அவையோரே, நாற்காலி எனக்குப் பின்னால்தான் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. அவர் பதில் சொன்னார்: "யாரு செஞ்சதுன்னு நீங்க என்கிட்ட கேக்கவே இல்லியே மேடம். நான்தான்னுதான சொன்னீங்க."

நண்பர்களே, நான் மர்மக் கதைகளைக் குறை சொல்ல வரவில்லை. இன்றும் படிக்கிறேன், நாளையும் படிப்பேன், உங்களையும் படிக்கச் சொல்வேன். ஆனால் ஒரே புத்தகத்தை இரண்டு பேர் படித்தோம். நான் படித்துச் சந்தேகிக்கக் கற்றேன், அவர் படித்துக் கவனிக்கக் கற்றார். சந்தேகிக்க என்ன வேண்டும்? ஒரு நாற்காலி போதும். கவனிக்க என்ன வேண்டும்? அருகில் இருக்க வேண்டும், அமைதியாக இருக்க வேண்டும், தான் நினைத்தது தப்பாக இருக்கலாம் என்று ஒரு மூலையில் இடம் விட்டிருக்க வேண்டும். கதையில் ஒருவர் மீது பழி விழ முந்நூறு பக்கம் ஆகிறது. பத்தொன்பது வருடம் பக்கத்தில் இருந்தவரைப் பற்றி நான் ஒரு பக்கமாவது படித்தேனா? அவர் படிக்கிறவர் என்பதாவது எனக்குத் தெரிந்ததா? பழி எழுதப் பேனா எடுக்கும் எல்லோரும், முதலில் அந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி வேண்டாம். பதில் தெரியாமல் கேளுங்கள்.

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் அது அக்காவுக்குப் போக வேண்டியது. அவர் இங்கே வரவில்லை. அழைத்தேன், வேலை இருக்கிறது என்றார்.

அக்கா அப்படிச் சொன்ன அன்று மாலையே இரண்டு தட்டு வைத்தோம். ஒன்றின் பக்கத்தில் நான் அரை மணி நேரம் புத்தகம் படித்தேன். மற்றொன்று அதற்கு முந்தைய அரை மணி நேரம், அதே அறையில், புத்தகம் இல்லாமல்.

மறுநாள் நடந்தது இது. புத்தகத்தோடு இருந்த தட்டில் இருபத்தாறு புள்ளி. இல்லாத தட்டில் ஒன்று. மேலிடத்துக்கு என் பெயரைப் போட்டு, பணி நேரத்தில் புத்தகம் படித்ததே காரணம் என்று எழுதினேன். அக்காவின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, எழுந்து போய் அவர் கையில் கொடுத்து, மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். "தேதி போடல மேடம்" என்று திருப்பிக் கொடுத்தார். போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

இவ்வளவு நேரம் என் வாக்குமூலத்தைப் பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. அனைவருக்கும் வணக்கம்.