நிக்கற ரிமோட்டு

அலோ... ஆமாங்க, வசந்தாமணிதான் பேசறேன்... போர் போடற ரிக்கு வண்டிக்கு ரிமோட்டு செய்யற பட்டறைதான்... ஆரு?... ஓ, கௌதமன் தம்பியா! கத்தாத சாமி, காது கிழியுது. ஆறு மணிக்கு மேடையேறோணும், இப்ப என்ன எனக்குப் போன் போட்டுட்டு இருக்கற?

...என்னது? பாட்டு நின்னு போச்சா?

...ம்... ம்... மூணு வாட்டியா?... சரி, நிக்கறப்ப நீ என்ன பண்ணிட்டு இருந்த? அதைச் சொல்லு மொதல்ல.

...கையை மேல தூக்கி... ஆமா... ஒடம்பை ஒரு சுத்துச் சுத்தி... ஆமா, ஆமா... லேப்டாப்புக்கு முதுகைக் காட்டிட்டு நின்னயாக்கும்! அப்பறம் எப்படி ராசா சிக்னல் போகும்? உன்ற முதுகு என்ன கண்ணாடியா?

...அட, எம்மேல பாயாத. நானா உன்னை ஆடச் சொன்னேன்? லேப்டாப்புல பாட்டுப் போடறவன் உக்காந்து போட்டா ஆகாதா? கையை அசைச்சா சத்தம் ஏறோணும், சாய்ச்சா எறங்கோணும், வயரே கண்ணுல படக்கூடாதுன்னு வந்து நின்ன. கைக்கு அடங்கலைன்ன, சோப்பு டப்பா அளவுக்குக் கொறைச்சேன். வேத்த கையில வழுக்குதுன்ன, ரப்பர் சுத்திக் குடுத்தேன். ரிக்குக்காரங்க கை பூரா கிரீஸோட புடிக்கறாங்க, ஒருத்தன் வழுக்குதுன்னு சொன்னதில்லை. உனக்கு மட்டும் பூப்போல கை!

...கோளாறு ஒண்ணும் இல்ல தம்பி. நாந்தான் அப்படி வெச்சிருக்கறேன். சிக்னல் கட்டாச்சுன்னா அந்த நொடியே அல்லாம் நிக்கோணும். என்ற பட்டறையில இருந்து போற அத்தனை ரிமோட்டும் அப்படித்தான்.

...முட்டாள்தனமா? இன்னொருக்கா சொல்லு... சொல்லு சாமி, கேட்டுட்டுத்தான் இருக்கறேன்.

...ஆமா, நீ போர் போடலை. தெரியுது. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், சித்த வாயை மூடிட்டுக் கேளு. என்ற ஊட்டுக்காரர் அன்பரசு, நீ வந்தப்ப டீ குடுத்தாரே... ஆமா, வலது கையில துண்டைச் சுத்திட்டு... இங்கதான் மேசையில பேட்டரி மாட்டிட்டு உக்காந்திருக்கறாரு. பரமத்தி வேலூர்ல ஒரு வாழைத் தோப்புல போர் போட்டாங்க. ரிமோட்டுல பேட்டரி செத்துப் போச்சு. இவரு பட்டனை உட்டுட்டாரு. நின்னிரும்னு நம்பிக் கயித்துல கையை வெச்சாரு. ராடைத் தூக்கற கயிறு, நிக்கலை. மூணு வெரலு போச்சு. அதுக்கப்பறம்தான் நான் சால்டரிங் அயர்னையே கையில தொட்டேன். போதுமா?

 

...அட போச்சாது போ, மன்னிப்பெல்லாம் எதுக்கு... சரி சரி... என்ன சொன்ன?... ஒரே ஒருக்கா நின்னாலும் இனி ஒருத்தனும் உன்னை மேடைக்குக் கூப்பிட மாட்டானா?... ம்... இவருக்கு நிக்காம ஓடுனதுல போச்சு. உனக்கு நின்னா போயிருமாக்கும்... இது எனக்குத் தோணவே இல்லையே. ரெண்டு மாசமா உன்னைக் கிண்டல் பண்ணவே நேரம் சரியாப் போச்சு, இதை ஒரு வார்த்தை கேக்கலை பாரு. தப்பு என்றதுதான்.

சரி, அந்தப் பெட்டியைத் தொற... ரிமோட்டு இல்ல, லேப்டாப்புல சொருகியிருக்குதுல்ல, அது... நாலு திருகு... உள்ள மூலையில பசை வெச்சு ஒரு குட்டி சுவிட்சை ஒட்டியிருக்கும்... ஆமா, நாந்தான் ஒட்டுனேன், ஆரும் மாத்தக்கூடாதுன்னு... சொரண்டு. நகத்துலயே சொரண்டு, உன்ற பூப்போல கைக்கு ஒண்ணும் ஆகாது... வந்துச்சா? அந்தப் பக்கம் தள்ளு. இனி சிக்னல் போனாலும், கடைசியா நீ சொன்னதைப் புடிச்சுட்டு ஓடும். நிறுத்தோணும்னா பெட்டி மேல இருக்கற செவப்புப் பட்டனை அமுக்கு. அந்தப் பட்டனை மட்டும் வேண்டாம்னு கழட்டி வெச்ச, பாத்துக்க!

...போடு, போடு... அட, போனை ஸ்பீக்கருகிட்டக் கொண்டு போகாத! உன்ற காலேஜ் மைதானம் எங்க பட்டறைக்குப் பின்னாலதான இருக்குது, சன்னலே அதிருது... கருமமே, இதுவா பாட்டு? எங்க கம்ப்ரசர் இதுக்கு மேல பாடும்... சிரிக்காத. இப்பச் சுத்து. நல்லா முதுகைக் காட்டிச் சுத்து... இன்னும் தள்ளிப் போ... போனா? அதையும் எடுத்துட்டுத்தான் போயேன்...

அலோ?... தம்பி?... அலோ?

கட்டாயிருச்சு. ஏனுங்க, லைன் போயிருச்சுங்க... சத்தம் நிக்கலை, கேக்குதுங்களா? ஓடிட்டே இருக்குது... அட, என்னங்க மேசையில டொக்கு டொக்குன்னு? அந்தக் கையில இருக்கறதே ரெண்டு வெரலு, அதுல தாளம் வேறயா உங்களுக்கு?... சரி, தட்டுங்க, தட்டுங்க. நான் ஒண்ணும் சொல்லலை.