அலட்சியம் என்று எழுதாதீர்கள்

பழைய காரில் சப்வூஃபர், அதாவது தும் தும் என்று அதிரும் பெரிய ஸ்பீக்கர், பொருத்துவதென்றால் பாதி வேலை சத்தத்தை அடக்குவதுதான். சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கனத்த சத்தத்துக்குப் பழகாத தகரம் அது. பாட்டு போட்டதும் நம்பர் பிளேட் கிலுகிலுக்கும், கதவு உதறும், டிக்கி மூடி குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, ரப்பர் வைத்து, பசை தடவி, எல்லாவற்றின் வாயையும் மூட வேண்டும். அதற்கப்புறம்தான் பாட்டு.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 'வேலை செய்தவரின் அலட்சியத்தால் தீ' என்று நீங்கள் எழுதப்போவதாக வெளியே நிற்கும் காவலர் சொன்னார். அந்த வார்த்தை வேண்டாம் ஐயா. என் கடைக்கு வந்த எந்த வண்டியும் என் அலட்சியத்தால் கெட்டதில்லை. மற்றதை நானே சொல்லிவிடுகிறேன்.

கார் என் தம்பியுடையது. யாரோ விற்றுத் தொலைத்தால் போதும் என்று கொடுத்த வண்டி. அவன் அதைக் குழந்தைபோலக் குளிப்பாட்டுவான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு ஒரு காது போய்விட்டது. மற்றதும் அரைகுறை. அவன்தான் ஆம்பிளிஃபயரும் சப்வூஃபரும் வேண்டும் என்று வந்து நின்றான்.

"உனக்கெதுக்குடா இதெல்லாம்?" என்றேன்.

"காதுக்குக் கேக்கலேன்னா என்னண்ணே, முதுகுக்குக் கேக்குமே" என்று சிரித்தான்.

அவனும் என் மனைவியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். அவள் மருந்து கொடுக்குமிடத்தில். அவன் கை கால் விழுந்தவர்களுக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கிறவன். எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். ரெண்டு பஸ் மாறி ஏன் அலைகிறாய், தம்பியோடு காரில் போய் வா என்று அவளிடம் சொன்னவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் தாராளமான ஆள்.

ஒருநாள் சிக்னலில் அவர்களைப் பார்த்தேன். நான் ஸ்கூட்டரில் பின்னால் நின்றிருந்தேன். அவள் அவன் பக்கம் சாய்ந்து, காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னாள். அவன் தலையைத் தலையை ஆட்டிச் சிரித்தான். அவனிடம் யார் பேசினாலும் அப்படித்தான் பேச வேண்டும், எனக்குத் தெரியும். நானே அப்படித்தான் பேசுவேன். ஆனால் இவ்வளவு பொருத்தமான காரணம் யாருக்கு ஐயா வாய்க்கும்? காரணம் அத்தனை கச்சிதமாக இருந்ததுதான் என்னை உறுத்தியது.

அப்புறம் அந்த பெல்ட். அவள் உட்காரும் பக்கம் சீட் பெல்ட்டின் பூட்டு சிக்கும். வாசலில் கார் வந்து நின்றதும், அவன் குறுக்கே குனிந்து, இரண்டு கையாலும் அமுக்கி அதை விடுவிப்பான். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் உள்ளே வந்து, "அந்த பெல்ட்டைக் கொஞ்சம் பாருங்களேன், தினமும் தம்பிக்குத் தொந்தரவு" என்பாள். தொந்தரவா என்று யாரும் கேட்கவில்லையே. அவளாக எதற்குச் சொன்னாள்?

அதனால் தம்பி கேட்டதும் மறுப்பே சொல்லாமல் வேலையை எடுத்துக்கொண்டேன். நல்ல ஆம்பிளிஃபயர் நானே வாங்கிப்போட்டேன். "அண்ணன்னா இப்படில்ல இருக்கணும்" என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லியிருக்கிறான். பேட்டரியிலிருந்து தடித்த வயர், அதன் தலையில் ஃபியூஸ், தகரத்தைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம், எல்லாம் முறைப்படி. சப்வூஃபர் பெட்டியை டிக்கியில் வைத்தேன். ஆம்பிளிஃபயரை மட்டும் அவள் சீட்டுக்கு அடியில் வைத்தேன். அதன் பக்கத்திலேயே என் பழைய செல்போன் ஒன்றையும் வைத்துக் கட்டினேன். காரிலிருந்தே அதற்கு மின்சாரம். மணியடிக்காது, வெளிச்சம் வராது. நான் கூப்பிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். நான் சீட்டுக்கு வைத்தேன்.

சீட்டைக் கழற்றியபோது அந்த பெல்ட் பூட்டும் என் கைக்கு வந்தது. ஒரு சொட்டு எண்ணெயும் புது ஸ்பிரிங்கும் போதும். இருந்தபடியே திரும்ப மாட்டினேன். சரிசெய்துவிட்டால் அவன் குனிகிறானா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் தினமும் கேட்டேன். கடையில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சால்டரிங் வேலை செய்வேன். பார்க்கிறவர்கள் பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. எந்த டாக்டர் கத்தினார், எந்தக் கிழவர் இன்று தானாக எழுந்து நின்றார், வெங்காயம் வாங்க வேண்டும், இப்படித்தான் பேச்சு. என்னை ஏமாற்றுகிறவர்கள் இதைத்தானே பேசுவார்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அதனால்தான் நிதானமாகக் கேட்டேன். அவசரப்பட்டவன் நான் இல்லை.

ஒருநாள் அவள் சொன்னாள்.

"உங்கண்ணன் தூங்கறதே இல்ல தம்பி. கண்ணை மூடிக்கிட்டு முழிச்சிட்டே கெடக்கார். எனக்குப் பயமா இருக்கு."

"நம்ம ஆஸ்பத்திரியிலயே ஒருத்தர்கிட்ட காட்டலாமா அண்ணி?"

"நான் சொன்னா சண்டைக்கு வருவார். நீ பேசிப் பாரேன். அவருக்கு உன் மேல உசுரு."

"சரி, பக்குவமா சொல்றேன்."

பக்குவமாக. அந்த வார்த்தையைக் கவனியுங்கள். எனக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டி ஓரத்தில் உட்கார வைத்துவிட்டால், அப்புறம் வீட்டில் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகுதான் பாட்டு அதிகமானது. அவன் சத்தத்தைக் கூட்டிவிடுவான். என் காதில் தும் தும் என்பதைத் தவிர ஒன்றும் விழாது. நான் போட்ட ஆம்பிளிஃபயர், நான் கட்டிய பெட்டி, என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. நடுநடுவே அவள் சிரிப்பு மட்டும் மேலே வரும். ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாது. ஒரு தும்முக்கும் அடுத்த தும்முக்கும் இடையில் என்ன பேசியிருப்பார்கள் என்று நானே அடுக்கிப் பார்ப்பேன். நாளாக நாளாக எனக்கு அது தெளிவாகவே கேட்க ஆரம்பித்தது. மறைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு அவ்வளவு சத்தம் எதற்கு ஐயா?

தம்பி நிஜமாகவே வந்து பேசினான். கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, கோச்சுக்காதே. ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம். நானும் கூட வரேன்."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லலண்ணே. எனக்கே தோணுச்சு."

பார்த்தீர்களா? என் முகத்துக்கு நேரே பொய். அவள் சொல்லித்தான் வந்தான் என்று என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு விஷயத்தில் பொய் சொன்னவன் மற்றதில் உண்மையாகவா இருப்பான்? அதுவரை எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. அன்றைக்குத் தீர்ந்தது.

"பாக்கலாம்டா" என்றேன். "டிக்கியில ஏதோ கிலுகிலுங்குதுன்னியே, வண்டியை விட்டுட்டுப் போ."

சாயங்காலம் அவன் வண்டியை எடுத்துப் போனபோது கிலுகிலுப்பு இல்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் ஃபியூஸும் இல்லை, வெறும் கம்பித் துண்டுதான். வயர் தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பரும் இல்லை. அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. பழைய வண்டி, நல்ல குலுக்கல். வயர் தகரத்தில் உரச உரச, மீதியை அது பார்த்துக்கொண்டது. நான் மறந்துபோய் விட்டதாக நீங்கள் நினைத்தது இதைத்தான். எனக்கு மறதி கிடையாது.

தீப்பிடித்த அன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மேம்பாலத்தில் வந்துகொண்டிருந்தார்கள். பாட்டு நின்றது.

"தம்பி, ஏதோ கருகுற வாசனை வரல?"

"என்ன அண்ணி?"

"வாசனை! கருகுது. காலடியில சுடுது. இரு, அவருக்குப் போன் போடறேன், அவருக்குத் தெரியும்."

என் கையிலிருந்த போனில் அவள் பெயர் வந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் கேட்டுக்கொண்டிருப்பது அறுந்துவிடும்.

"வேற யார்கூடவோ பேசிட்டிருக்கார் போல" என்றாள்.

அவன் வண்டியைப் பாலத்துச் சுவரோரம் ஒட்டி நிறுத்தினான். அவசரத்தில் மிகவும் ஒட்டிவிட்டான். அவள் பக்கத்துக் கதவு திறக்க இடமில்லை. இருமல் கேட்டது. அவன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"வாங்க அண்ணி, இந்தப் பக்கமா வாங்க!"

"பெல்ட் வரல."

"கையை எடுங்க, நான் பாக்கறேன்."

"நீ இறங்கு தம்பி. சொன்னாக் கேளு, இறங்கு."

அவன் இறங்கவில்லை. அந்தக் கைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வழியில் போனவர்கள்தான் அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்களாம். அண்ணன் மனைவிக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இணைப்பு அறுவதற்கு முன்னால் அவள் ஒன்று சொன்னாள். குரல் அடங்கியிருந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அவர் செஞ்ச வேலைலதான் இப்படி ஆச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடாதே. தாங்க மாட்டார்."

ஆஸ்பத்திரிப் படுக்கையில் தம்பி உங்களிடம் என்ன சொன்னான்? காரில் ஸ்பிரிட் பாட்டில் வைத்திருந்தேன், அது உடைந்து தீப்பிடித்தது, அண்ணன் வேலையில் குறையில்லை என்றான் அல்லவா? அதுவும் பொய். காரில் எந்தப் பாட்டிலும் இல்லை. அவள் செத்த பிறகும் இருவரும் சேர்ந்துதான் நடிக்கிறார்கள்.

அந்தப் புகையில், பெல்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு, ஒருத்தி புருஷனைப் பற்றி அப்படியா பேசுவாள்? நான் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது ஐயா.