ஒப்பாரிக்கென்று வைத்த உருளை

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் வசீலி அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெச்சேரி வட்டாரத்துத் தாய்மார்களே, என் வகுப்புத் தோழிகளே!

நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் லீடா ராண்ட்மெட்ஸ் அம்மையார் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். அதனால்தான் இன்று அவர் நினைவாகப் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது.

பனிச்சறுக்கு வண்டியில் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்து இறங்கியவர் அவர். அறுப்புப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, கல்யாணப் பாட்டு எல்லாவற்றையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். வேறு யார் நம் தாய்மார்களை இப்படிக் காது கொடுத்துக் கேட்டார்கள்? ஒப்பாரி மட்டும் கிடைக்கவில்லை. அதற்கென்று ஓர் உருளையைத் தனியே வைத்திருந்தார். இதோ, இந்த மேசைமேல் இருக்கிறது.

ஊரில் ஒப்பாரிக்குப் பேர்போன ஓக்செ அத்தையிடம் அவர் கேட்டபோது நானும் இருந்தேன்.

"யாரு செத்தாங்கன்னு நான் ஒப்பாரி வைக்க? சும்மா பாடினா சாவைக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

"இந்தப் பெட்டி செத்தா வைப்பீங்களா அக்கா?"

"அது எனக்கு என்ன உறவு, சொல்லு. அம்மான்னோ தங்கச்சின்னோ கூப்பிட்டுத்தானே ஆரம்பிக்கணும்? மெழுகு மாமியாரேன்னா கூப்பிட?"

எல்லோரும் சிரித்தோம். அம்மையாரும் சிரித்தார்.

சாவு வீடுகளுக்கு அவர் போவார், பெட்டி போகாது. "அழறவங்க வாய்க்கு முன்னாடி குழாயை நீட்ட என்னால ஆகாதும்மா" என்றார்.

பெருநாட்களில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் அவரவர் உறவினர் கல்லறைமேல் துணி விரித்துச் சாப்பிடும்போது, அவர் வேலியோரம் நிற்பார். அழைத்தால், "சாப்பிட்டாச்சு" என்பார். சாப்பிட்டிருக்க மாட்டார்! கீழ்வீட்டில் இருக்கும் எங்களுக்குத் தெரியாதா? மாலையில் பதிந்த பாட்டுகளைப் போடுவார். மாடி நிறைய ஆட்கள் இருப்பதுபோல் கேட்கும். ஏறிப் போய்ப் பார்த்தால் அவர் ஒருவர்தான் இருப்பார்.

காய்ச்சலில் இறந்தார். சொந்தம் என்று யாரும் வரவில்லை. ஒப்பாரியைத் தேடி வந்தவர் ஒப்பாரியில்லாமலா மண்ணுக்குள் போவது! சவப்பெட்டியைக் கயிற்றில் தூக்கிவிட்டார்கள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்ன உறவு சொல்லி அழைப்பது?

ஓக்செ அத்தை முன்னால் வந்தார். "ஏ பிள்ள, உன்னை என்னன்னு கூப்பிடுவேன்?" என்று முணுமுணுத்தார். பிறகு குனிந்து, "என் வாசலுக்குத் தானா வந்த தங்கச்சியே" என்று எடுத்தார். மற்றப் பெண்களும் சேர்ந்தார்கள். மண் மூடியதும் அத்தையே துணி விரித்தார். முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்தார்.

ஒலிப்பதிவுப் பெட்டி எங்கள் மாடியில் கிடந்தது. அந்தப் பாட்டை யாரும் பதியவில்லை.

தாய்மார்களே! அவர் பதியாமல் விட்டுப்போன பாட்டுகளை மாணவிகள் நாங்கள் தேடுவோம். பக்கத்து ஊர்களுக்கும் பெட்டியைத் தூக்கிப் போவோம். இந்த உருளை மட்டும் காலியாகவே இருக்கும். வரும் பெருநாளில் அவர் கல்லறைமேல் நாங்கள் துணி விரிப்போம். வேலியோரம் யாராவது தனியே நின்றால் அழைப்போம். "சாப்பிட்டாச்சு" என்று சொன்னால் நம்ப மாட்டோம்.