வடிவம்மாள் கேட்ட முதல் பாகம்

புதுப் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நாகப்பட்டினத்துக் கப்பலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் பினாங்கு வாசகசாலைக்கு நாவல் பெட்டி வருகிறது. கடல் தாண்டி வந்ததை எச்சிலால் நாசம் செய்யலாமா? சுகாதார இலாகாக்காரர், நீங்களே சொல்லுங்கள் ஐயா.

வடிவம்மாள் அப்படிச் செய்யமாட்டாள். வாத்தியார் மனைவி. பெட்டி வந்த அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு வந்து நிற்பாள். நான் ஆணி பிடுங்கும்போதே, "என்ன அண்ணே, இந்தத் தடவையாவது கதாநாயகிய உயிரோட விட்டு வெச்சிருக்காங்களா?" என்பாள். படித்துவிட்டு வந்தால் எழுதியவரை அரை மணி நேரம் திட்டித் தீர்ப்பாள். ஒன்பது வருஷமாக இந்த மேசையில் இருக்கிறேன். இந்த அம்மைத் தழும்பு முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

ஆறு வயதில் வந்தது, பிழைத்துக்கொண்டேன் என்று ஒருநாள் சொன்னேன். "எனக்கு ஊசின்னாலே பயம்லா. அம்மை குத்துறவரு வந்தப்ப குளியலறையில ஒளிஞ்சுக்கிட்டேன்" என்று அம்மை குத்திய வடு இல்லாத வெறும் கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மாசி மாதப் பெட்டியில் மூன்று பாக நாவல் ஒன்றின் முதல் பாகம் வந்தது. முதலில் பெயர் கொடுத்து எடுத்துப்போனவள் பள்ளிவாசல் தெரு ஹபீபா பீவி. பத்து நாளில் அவளுக்குப் பெரியம்மை. அவள் அண்ணன் ஜபருல்லா புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். "எரிச்சிடுங்க அண்ணே. தங்கச்சி இதக் கையில புடிச்சிக்கிட்டேதான் படுத்திருந்தா."

அம்மை கண்ட வீட்டுப் புத்தகத்தை எரித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. கையெழுத்திட்டேன். அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறது.

அன்று நான்கு மணிக்கு வடிவம்மாள் வந்தாள். "அவருக்கு அக்கரையில புக்கிட் மெர்தாஜாமுக்கு மாத்தலாயிடுச்சு அண்ணே. அடுத்த மாசம் போறோம். அந்தப் புது நாவல மட்டும் படிச்சிட்டுப் போயிடணும்." சந்தோஷமாகச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்கரைக்குப் போனவள் ஒரு நாவலுக்காகப் படகேறி வருவாளா?

நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

ஒரு மடிப்புக்கூட விழாத புத்தகம், எரிக்க மனம் வரவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். புரட்டிப் பார்த்தபோது நடுப்பக்கம் ஒன்றில் வெங்காயச் சருகுபோல ஓர் அம்மைப் பொருக்கு ஒட்டியிருந்தது. ஊதினால் பறந்திருக்கும். நான் ஊதவில்லை. அப்படியே மூடி, புதிதாகக் காக்கி அட்டை போட்டேன். மறுநாள் அவள் கையில் கொடுத்தேன்.

அம்மை கண்ட வீட்டாரை நீங்கள் ஊரைவிட்டு நகரவிடமாட்டீர்கள். மாற்றல் வேறு யாருக்காவது போய்விடும். நான் பிழைக்கவில்லையா, அவளும் பிழைப்பாள் என்றுதான் நினைத்தேன். முகத்தில் தழும்பு விழும். விழட்டுமே, எனக்கு அது பெரிதில்லை.

புத்தகம் கொடுத்த இருபத்துமூன்றாம் நாள் அம்மையில் போய்விட்டாள். வாத்தியார் தனியாக அக்கரைக்குப் போனார். போகும்போது, எரித்ததாக நான் எழுதிக்கொடுத்த புத்தகத்தை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்கு எதிர் நாற்காலி அசைகிறது. "ரெண்டாம் பாகம் வந்திருச்சா அண்ணே?" அதே குரல். முதல் வாரம் பயந்து நடுங்கினேன், மறைப்பானேன். போன கப்பலில் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. யாருக்கும் கொடுக்கவில்லை. தினமும் பத்துப் பக்கம் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இப்போதெல்லாம் அவள் சிரிப்பதில்லை, யாரையும் திட்டுவதுமில்லை. வாசித்து முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தெரிந்தேதான் கொடுத்தேன். அவளைக் கொன்றது நான்தான். ஆனால் நான் தடுத்ததால்தான் அவள் இங்கேயே இருந்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள். அவளுக்கே பினாங்கைவிட்டுப் போக மனமில்லை. இல்லாவிட்டால் தினமும் என்னைத் தேடி வருவாளா?