சிவப்பு வட்டம்

குப்பை சேர்ந்தால் எனக்குத் தூக்கம் வராது ஐயா. வீட்டிலும் அப்படித்தான், வேலையிலும் அப்படித்தான். முதலாளி தோன் எவரிஸ்தோவின் பண்ணையில், டிராக்டருக்குள் இருக்கும் திரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தக் கோட்டில் ஓட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் எல்லாம் அதற்குள் கோப்புகளாக இருக்கும். பருவத்துக்குப் பருவம் அவை பெருகும். இடம் நிரம்பினால் திரை உறைந்துவிடும். ஆகவே வேண்டாததை நீக்குவேன். அன்று காலையிலும் அதைத்தான் செய்தேன்.

தோன் எவரிஸ்தோவைப் பற்றி ஊரில் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. அவரே பேசித் தீர்த்துவிட்டதால் மற்றவர்களுக்கு மிச்சமில்லை. டிராக்டர் வந்த நாளிலிருந்து பாதிரியாரைவிட அதிகம் பிரசங்கம் செய்தவர் அவர்தான். ஸ்டியரிங்கைத் தொடாமல், குழலில் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டே ஓட்டுவார். கண்ணாடிக்கு வெளியே பார்ப்பது வசதியில்லாதவர்களின் பழக்கம் என்பது அவர் கட்சி. “திரையில இல்லாதது தரையிலயும் இல்ல” என்பார்.

போன ஞாயிறு, முற்றத்தில் இறைச்சி வாட்டும்போது விருந்தாளிகளுக்கு என்னை அறிமுகப்படுத்தினார்.

“இவன் நிக்காசியோ. எல்லாத்தையும் மெஷினே பாத்துக்குது. இவன் அதுக்கு மூக்கு தொடச்சு விடுறவன். அறுவடை முடியட்டும், அதுவே தொடச்சுக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல விலாத் துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்ததும் நான்தான். ஆகவே கோபத்தில் செய்தான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

தெற்கு வயல் அவர் புதிதாக வாங்கியது. நடுவே அகலமான பாழுங்கிணறு. சுற்றுச்சுவர் இடிந்துபோய், இடுப்பளவு களை மூடிக் கிடந்தது. நடந்து தேடி, அதைத் திரையில் சிவப்பு வட்டமாகக் குறித்தவன் நான். வட்டத்தை நெருங்கினால் டிராக்டர் தானே நின்றுவிடும். பெரிய கோப்புகூட இல்லை. நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்றேன்.

சோயா விதைப்புக்கு முன் களை அழிக்க அவரே ஏறிப் போனார். நான் வேலியோரம் நின்றேன். பாதி வயலில் டிராக்டரை நிறுத்தினார். வயர்லெஸ்ஸில் அவர் குரல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத, தணிந்த குரல்.

“நிக்காசியோ, இங்க எங்கயோ ஒரு கிணறு இருந்துச்சேப்பா. செவப்பு வட்டத்தக் காணோமே.”

அப்படி மரியாதையாக அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நொடியில் அவரை எனக்குப் பிடித்துக்கூடப் போனது. பொத்தானை அழுத்தினேன்.

“திரையில இல்லாதது தரையிலயும் இல்ல, முதலாளி.”

சிரித்தார். “அப்படிச் சொல்லுடா. இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு.”

டிராக்டர் நகர்ந்தது. பிறகு களைக்கு மேலே பின்சக்கரம் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. வயர்லெஸ்ஸில் என் பெயரைச் சொன்னார். மறுபடியும் சொன்னார். தண்ணீர்ச் சத்தம் குறுக்கே வந்ததால் சரியாகக் கேட்கவில்லை. ஒலியைக் குறைத்தேன்.

ஒரு திருத்தம் மட்டும். கோப்பை நான் அழித்துவிட்டதாக வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிரதி எடுக்காமல் எதையும் நான் அழிப்பதில்லை ஐயா. அந்தச் சிவப்பு வட்டம் ஒரு பென்டிரைவில், பத்திரமாக, என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.