ஒரு பாட்டில் சிவப்பு மருந்து

வில்லியனூரில் புதுவைப் பேருந்து புறப்படக் காத்திருந்தது. என் முன்னிருக்கையில் வீற்றிருந்த கரும்புத் தோட்டக்காரர், புதுவை மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் மருந்து கலக்கப் பயிற்சி பெறும், பக்கத்தில் அமர்ந்திருந்த தம் அக்காள் மகனுக்கு ஆணையிட்டார்:

"அந்தச் செவப்பு மருந்த ஒரு பாட்டில்ல ஊத்திக் குட்றா. வூட்டுலயே நம்ம கம்பவுண்டர வச்சி உங்க அத்தைக்குப் போட்டுக்கறோம்."

"இன்னா மாமா, கள்ளுக்கடையா நடத்தறேன், ஊத்திக் குடுக்க? கலக்குற நானே கையுறை போட்டுக்கினுதான் தொடறேன். நரம்ப வுட்டு வெளிய கசிஞ்சா அத்தையோட கையே புண்ணாப் பூடும்."

"புண்ணானா முழுக்கை ஜாக்கெட் போட்டு மறச்சிக்கலாம்டா. மார்ல கட்டின்னு வெளிய தெரிஞ்சா பொண்ணு கல்யாணம் நின்னு பூடுமே!"

குடும்ப மானத்திற்காக மனைவியின் கையை ஈடு வைத்த அந்த மாவீரருக்கு மாலையிட ஆளில்லையே என்று வருந்தினேன்.

அப்போது பெண்கள் இருக்கையிலிருந்து அவர் மனைவி எழுந்து, பேருந்து முழுவதும் கேட்கும்படி நடத்துநரிடம் சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டிக்கெட் குடுப்பா, எனக்கும் மருந்து கலக்குற இந்தப் புள்ளைக்கும். அவர இங்கயே எறக்கிவுடு. எனக்கு மார்ல கட்டின்னு மாப்புள வூட்டுல அவரே போய்ச் சொல்லட்டும். இல்லன்னா பஸ்ல இருக்கறவங்க முந்திக்கப் போறாங்க."